திட்டியவர்கள் வந்திறங்கிய வீடு

சோழிங்கநல்லூருக்குத் தெற்கே, லாரித் தண்ணீரை நம்பிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில் இருந்த கமலினியின் வீட்டுக்கு முதன்முதலில் வந்திறங்கியவர் ஈரோட்டுக்காரர் நல்லசாமி. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கன்னத்தில் சவர நுரையும் தோளில் துண்டும் கையில் செல்போனுமாக, கதவைத் தட்டாமல் மணியும் அடிக்காமல் ஹால் நடுவில் நின்றார். கமலினி ஸ்டூலில் ஏறித் தன் மீன் தொட்டிக்குள் இரை தூவிக்கொண்டிருந்தாள்.

“யாருங்க?”

அவர் செல்போனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்கதானுங்களா அந்த மீன்கார அம்மா?”

“ஆமா.”

“இப்பத்தானுங்க உங்களைத் திட்டி ஒரு வரி போட்டேன். பொத்தானை அமுக்கினேன், இங்க நிக்கறேன்.”

கமலினி இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டிய செல்போனை வாங்கிப் படித்தாள். ‘ஊரெல்லாம் குடத்தோட அலையுது, இவ மீனுக்கு ஏசி போட்டு வெச்சிருக்கா. கொழுப்பு.’ அவள் முந்தின நாள் போட்ட வீடியோவுக்குக் கீழே அது இருந்தது. கடைசிச் சொல் வந்ததும் நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். கமலினியின் கணவன் ரகுநந்தன் உள்ளேயிருந்து வந்து அவருக்குத் தன் சட்டை ஒன்றைக் கொடுத்தான். அவர் வாஷ்பேசினில் மீதிக் கன்னத்தை மழித்து, காபி குடித்து, செருப்பில்லாத காலோடு ஈரோட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அடுத்த வாரம் சட்டை துவைத்து இஸ்திரி போட்டு கூரியரில் வந்தது.

கமலினி தர்மபுரிப் பக்கம் பென்னாகரத்தில் பிறந்தவள், கல்லூரிக்கு வரும்வரை கடலைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவள். சாஃப்ட்வேர் கம்பெனியில் மேலே மேலே ஏறி, பெரிய அறை கிடைத்த வருஷம், ஹாலின் ஒரு சுவரை அடைத்து இந்தத் தொட்டியை வைத்தாள். உப்பு வெளிநாட்டிலிருந்து வந்தது, விளக்கு இன்னொரு நாட்டிலிருந்து வந்தது, தண்ணீரைக் குளிர்விக்க ஒரு இயந்திரம், அலையைப் போல அசைக்க ஒரு இயந்திரம், வடிகட்ட ஒரு இயந்திரம் என்று இராப்பகலாக ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருக்க, நடுவில் ஒரு கடல் சாமந்தி தன் விரல்களை விரித்து மூடிக்கொண்டிருக்க, அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடின. ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு சீராகும். அதைப் படம் பிடித்து ‘ஏழாவது மாடிக் கடல்’ என்ற பெயரில் போட்டாள். முதலில் மீன் வளர்ப்பவர்கள் மட்டும் பார்த்தார்கள், அவர்கள் அழகு அழகு என்றார்கள், அவர்களில் ஒருவரும் ஹாலுக்கு வரவில்லை. கோடை வந்தது, ஏரிகள் வற்றின, வீடியோ எப்படியோ வீட்டுக்கு வீடு பரவியது. அதன் பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

கரூரிலிருந்து தமிழாசிரியர் வந்தார், கையில் சாக்பீஸ். வாணியம்பாடியிலிருந்து இரண்டு மைத்துனிகள் வந்தார்கள், ஒரே செல்போனில் சேர்ந்து திட்டியதால் சேர்ந்தே வந்தார்கள், வெங்காயம் நறுக்கிய கை காயவில்லை. காது கூசும் கெட்ட வார்த்தை ஒன்றை எழுதிய கல்லூரி மாணவன் வந்தான். எழுதிய வார்த்தையை அவள் முகத்துக்கு நேராக ஒரு தரம் சொல்லிப் பார்க்கும்படி கமலினி கேட்டபோது, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டான். யார் வந்தாலும் கையில் பிடித்திருந்தது கூடவே வந்தது. வந்தவர்கள் ஹாலில் நின்று தொட்டியைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் விழுங்கினார்கள்.

குடியிருப்புச் சங்கம் கூடிப் பேசியது. செயலாளர் கோதண்டபாணி விதிப்புத்தகத்தைப் புரட்டி, வெளியாட்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று இருக்கிறதே தவிர வாசலுக்கே வராதவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். “உள்ள வர்றதைத் தடுக்க வழியில்ல. வெளிய போறப்பவாவது செக்யூரிட்டிகிட்ட வீட்டு நம்பரைச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்கோ மேடம்.” கமலினி சரி என்றாள். ஆட்டோக்காரர்கள் எதிர்ச்சாரியில் ஸ்டாண்டு போட்டார்கள். வெறுங்காலோடு வருபவர்களே அதிகம் என்பதால் வாசலில் ரப்பர் செருப்பு விற்க ஒருவர் கடை விரித்தார். மாடிக்கு மாடி பெண்கள் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு, இன்றைக்கு எந்த ஊர் என்று விசாரிக்க ஏழாவது மாடிக்கு ஏறி வந்தார்கள். சொந்த ஊர்க்காரர் யாராவது கிடைத்தால் கீழே அழைத்துப்போய்ச் சோறு போட்டார்கள்.

ரகுநந்தன் மட்டும் சொன்னான்: “கணக்கை மூடிடேன் கமலி. மீனை நாம பார்த்தா போதாதா?”

“நான் யார் வயித்துல அடிச்சு வாங்கினேன்? பேங்க்ல கடன் வாங்கிப் படிச்சு, ராத்திரி பகலா வேலை பார்த்து வாங்கினது. அப்பன் வீட்டுச் சொத்தா? இதுக்கு நான் எதுக்கு ஒளியணும்?”

இதையே வந்தவர்களிடமும் சொன்னாள். படித்த கதையைச் சொன்னாள், அமெரிக்காவில் பனியில் நடந்து வேலைக்குப் போன கதையைச் சொன்னாள். காபியும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? உழைச்ச காசு, உங்க இஷ்டம் என்றார்கள். இத்தனை பேர் வந்தும் ஒருவராலும் எதிரில் நின்று திட்ட முடியவில்லையே, அப்படியானால் தன் பக்கம்தான் நியாயம் என்று கமலினி நினைத்துக்கொண்டாள்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த நாளில்தான் பேச்சியம்மாள் வந்தாள். முதுகுளத்தூருக்குக் கிழக்கே ஒரு ஊர். இடுப்பில் பச்சைப் பிளாஸ்டிக் குடம். வந்தவள் ஹாலைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை, திரும்பித் திரும்பித் தன் பின்னால் யாரையோ தேடினாள்.

“ஏய், இங்ஙன வரிசையில நின்னவுக எங்க?”

“உக்காருங்க, காபி கொண்டு வர்றேன். பயப்படாதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான்...”

“காப்பி கெடக்கட்டும். வண்டித்தண்ணி வார நேரம். விடிய முன்னாடி போய்ப் பிடிச்ச இடம் போச்சே! எம்பிள்ள வீட்டுல தாகமா கெடக்கு.” அப்புறம்தான் கமலினியின் முகத்தைப் பார்த்தாள். “நீயா? உன்னையத்தான் இப்ப வஞ்சேன்.”

“நான் உழைச்சு...”

“உழைச்சிருப்ப. நானுந்தான் உழைக்கேன். குடத்துக்குத் தண்ணி ஊத்து முதல்ல.”

கமலினி குடத்தை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மீனுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் அங்கேதான் இருந்தது. பேச்சியம்மாள் பின்னாலேயே வந்தாள். இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவரோரம் போய்ச் சாக்கடை வாயில் நீரை விட்டுக்கொண்டிருந்தது.

“இது என்னது?”

“அது கழிவு. ஒரு பங்கு நல்ல தண்ணி எடுத்தா மூணு பங்கு இப்படிப் போயிரும்.”

பேச்சியம்மாள் குடத்தைக் கமலினியின் கையிலிருந்து வாங்கி, சாக்கடை வாயில் வைத்து, குழாயை அதற்குள் விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். அது நிறைய வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவளும் எழுந்திருக்கவில்லை, கமலினியாலும் உள்ளே போக முடியவில்லை. மாலையில் ரகுநந்தன் அவளை ரயில் ஏற்றிவிட்டான். நிறைகுடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊர் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு போன் செய்து சொன்னாள். மறுநாளே கமலினி பிளம்பரைக் கூப்பிட்டு, அந்தக் குழாயைக் கீழே தோட்டத்துத் தொட்டிக்குத் திருப்பினாள். அதை வீடியோவில் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

குடம் கூட வந்தது என்பதைப் பேச்சியம்மாள் மறக்கவில்லை. ஒன்றாவது படிக்கும் அவள் மகள் காளீஸ்வரிக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் காட்ட வேண்டும். விடிய விடிய பஸ்ஸில் வந்தால் பிள்ளை வாந்தி எடுத்து எடுத்து உதடு நீலம் பாரிக்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் பேச்சியம்மாள் தலை சீவி, பவுடர் போட்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செல்போனில் கமலினியின் குளிர்விக்கும் இயந்திரத்தை ஒரு தரம் பார்த்து, வயிறெரிய ஒரு வரி வைதாள். இமைக்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஏழாவது மாடியில் நின்றார்கள்.

“யக்கா, தப்பா எடுத்துக்கிறாத. பிள்ளைக்காக வஞ்சேன்,” என்றாள்.

“மனசுல இருந்துதானே வஞ்ச?”

“பின்ன? இல்லன்னா எப்படி வார?”

அன்றைக்கு ஊசி போட்டுத் திரும்பிய பிள்ளை, தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கோமாளி மீன் சாமந்திக்குள் புகுந்து வெளிவருவதைப் பார்த்தபடியே கஞ்சியைக் குடித்தது. “பாவி மட்ட, அழகாத்தான் வச்சிருக்கா,” என்று பேச்சியம்மாள் முணுமுணுத்தாள்.

பேச்சியம்மாள் வாய் சும்மா இருக்குமா. பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் வந்தார்கள், கண் ஆபரேஷனுக்கு மாமனாரைக் கையில் பிடித்துக்கொண்டு மருமகள் வந்தாள், ஒரு தகப்பன் தன் மகனைச் சக்கர நாற்காலியோடு கட்டிக்கொண்டு வந்தான். ஒப்புக்குத் திட்டியவர்களும் அடுத்தவர் திட்டியதை அப்படியே எடுத்துப் போட்டவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மனசார எரிந்தால்தான் வரலாம். அதனால் ஊர் ஊராக நோயாளிகள் கமலினியின் வீடியோக்களை உற்றுப் பார்த்தார்கள், கோபம் வராதவர்களுக்கு வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், அந்த உப்பு டப்பாவைக் காட்டுற இடத்தைப் பாருங்க, நமக்கு எப்படியிருந்தாலும் அங்க கோவம் வந்துரும் என்றார்கள். கோதண்டபாணி சங்கச் செலவில் ஹாலுக்கு நாற்காலிகள் வாங்கிப் போட்டார். “சக்கர நாற்காலிக்கு லிஃப்ட்ல முன்னுரிமைன்னு தீர்மானம் போட்டாச்சு,” என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ரகுநந்தன் கணக்கை மூடச் சொல்லவில்லை. கமலினியும் தான் உழைத்த கதையைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். வாரம் தவறாமல் வீடியோ போட்டாள். வாங்கியதை வாங்கியதென்று காட்டினாள். தன்னைப் பார்த்தால் ஊருக்கு எரிய வேண்டும், எரிந்தால்தான் யாரோ ஒருவர் வைத்தியத்துக்கு வந்து சேர முடியும். அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. சில நாள் கண்ணாடி முன் நின்று, நான் அப்படியா இருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் தேடுவதற்குள் ஹாலில் யாராவது வந்து நின்று இருமுவார்கள்.

வந்தவர்கள் ஊர் திரும்பி நன்றி கெட்டவர்களாக இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அப்படி இருக்கவில்லை. மகராசி என்றார்கள், கழிவுத் தண்ணீர்க் குழாயைத் தோட்டத்துக்கு மாற்றியதைக்கூட யாரோ பார்த்துவிட்டு எழுதினார்கள். வீடியோவுக்குக் கீழே வசவு குறைந்தது, வாழ்த்து ஏறியது. நாற்காலிகள் காலியாயின. செருப்புக் கடைக்காரர் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு கோயம்பேட்டுப் பக்கம் போனார்.

காளீஸ்வரிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். காத்துக் காத்துக் கிடைத்த கட்டில். இந்தத் தரம் விட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையை நீளப் பயணம் செய்ய வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை சேர்க்க வேண்டும் என்ற நிலையில், முற்பகலில் பேச்சியம்மாள் போன் செய்தாள்.

“வர மாட்டேங்குதுக்கா.”

“என்ன வர மாட்டேங்குது?”

“கோவம். விடிஞ்சதுல இருந்து பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வஞ்சுக்கிட்டே கெடக்கேன். ஒண்ணும் ஒட்டல. உன் மொகந்தான் ஞாபகம் வருது.”

ரகுநந்தன் மதுரைக்குப் போன் போட்டு, ஆக்ஸிஜன் வசதியோடு ஆம்புலன்ஸ் கேட்டான்; மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றார்கள். கமலினி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேமராவின் முன் நின்றாள். தொட்டித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு தரையில் கொட்டினாள். தண்ணியில்லாதவங்க தண்ணியிருக்கிற ஊருக்குப் போக வேண்டியதுதானே, அதுக்கு நான் என்ன பண்ண முடியும் என்று சிரித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஹால் நிரம்பியது, படுக்கையறை நிரம்பியது, மாடிப்படியில் ஆட்கள் நின்றார்கள், சோற்றுக் கையோடு வந்தவர்களுக்குக் கை கழுவ இடமில்லை. கமலினி கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பேச்சியம்மாள் இல்லை.

“எனக்காகத்தான் கொட்டுறன்னு தெரியுதேக்கா,” என்றாள் போனில். அழுதுகொண்டிருந்தாள். “தெரிஞ்சப்புறம் எங்கிட்டு வரும்?”

கமலினி பட்டுப்புடவையோடு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் வந்த முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக்கூட உதவாத இந்தக் கண்ணாடிப் பெட்டியை எதற்கு வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போனை எடுத்து, ஒப்பனை கலைந்த முகத்தோடு பேசினாள். இந்த முறை நடிப்பு இல்லை. தொட்டியை நாளையே பிரித்துவிடப் போவதாகவும், மீன்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும், இனி இந்த வீட்டில் இப்படி ஒரு ஆடம்பரம் இருக்காது என்றும் சொல்லி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

வாழ்த்து மழையாகக் கொட்டியது. பெரிய மனசு என்றார்கள், இதுதான் மனிதம் என்றார்கள். மாலை போட்ட பொம்மைப் படங்கள் வந்தன. அவளைத் திட்டி வந்து ஹாலில் மாட்டிக்கொண்டிருந்தவர்களே கைதட்டினார்கள். வாசலில் நின்ற கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கைதட்டலின் நடுவே பேச்சியம்மாள் வந்து நின்றாள். முடி அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் பிள்ளை, தோளில் ஆஸ்பத்திரிப் பை.

“யாரைக் கேட்டுடி குடுக்கப் போற?”

ஹால் அடங்கியது.

“எழுதினதோட தீரலடி எனக்கு. எம்பிள்ள ஊசி குத்திட்டு வந்து அந்த மீனைப் பாத்துத்தான் ஒரு வாய் கஞ்சி குடிக்கும். அதைக் கேட்டியா? வாங்கும்போதும் எங்களைக் கேக்கல, சரி, அது உன் காசு. இப்ப எங்க பேரைச் சொல்லித் தூக்கிப் போடுறியே, இப்பவாவது கேட்டியா? உனக்கு ஆசை வந்தா வாங்குவ, வெக்கம் வந்தா விப்ப, வித்தாலும் உனக்கு மாலை போடுவாக. எனக்கு வெக்கம் வந்தா நான் எதைடி விக்கிறது? இந்தக் குடத்தையா?”

கையில் குடம் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. கையை நீட்டி நீட்டிப் பேசினாள். தண்ணீர் வரிசையைச் சொன்னாள், பனியன் கம்பெனிக்குப் போன புருஷன் வருஷத்துக்கு ஒருமுறை வருவதைச் சொன்னாள், வரிசையில் இடத்தை விட்ட அன்றைக்குப் பிள்ளைக்கு அடுத்த வீட்டில் கையேந்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். அந்த ஹாலுக்கு வந்தவர்களில் ஆரம்பித்ததை நிறுத்தாமல் பேசியவள் அவள் ஒருத்திதான். கமலினி எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ரகுநந்தன் பிள்ளையை மெதுவாக வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகுதான் பேச்சியம்மாள் சுற்றிலும் பார்த்தாள்.

“ஆத்தாடி,” என்றாள். “வந்துட்டேனா?”

“வந்துட்ட.”

“நீ வேணும்னே சொன்னியா?”

“இல்ல பேச்சி. நெசமாத்தான் சொன்னேன்.”

பேச்சியம்மாள் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். “அதான் அம்புட்டுக் கோவம் வந்திருக்கு,” என்றாள்.

காரை எடுத்தார்கள். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது பேச்சியம்மாளுக்கு விட்டுப்போன இரண்டொன்று ஞாபகம் வந்தது, அதையும் சொன்னாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கமலினி உம் கொட்டினாள். பிள்ளை நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காளீஸ்வரி சென்னையில் இருந்த நாட்களெல்லாம் அந்த ஹாலில்தான் இருந்தாள், மீனுக்கு இரை போடுவது அவள் பொறுப்பாயிற்று, அளவுக்கு மேல் போட்டுக் கமலினியிடம் ஏச்சும் வாங்கினாள். தொட்டியைப் பிரிக்கவில்லை. நாளையே பிரிப்பதாகச் சொன்னாளே, இன்னும் பிரிக்கவில்லையே, ஏமாற்றுக்காரி என்று ஊரெங்கும் எரிந்தது, அந்த எரிச்சலில் திருநெல்வேலியிலிருந்தும் வேலூரிலிருந்தும் நோயாளிகள் மறுபடி வரத் தொடங்கினார்கள். கமலினி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வந்தவரை உட்காரவைத்து, காபியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், “எழுதினதை முழுசாச் சொல்லி முடிச்சிருங்க, நான் கேக்குறேன்,” என்பாள். சிலர் முடித்தார்கள், பலர் முடியாமல் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலில் போனாள். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு சிவப்பாக இருக்க, வழிநெடுக ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போயிற்று.